பார்க்கிங்கில் ஒரு பிளக்

கீழ்பென்னாத்தூரில் நாங்கள் இருப்பது மாடி வீடு. தெருவில் நிற்கும் எலெக்ட்ரிக் காருக்கு ஒயர் இழுக்க வழியில்லை. அதனால், திருவண்ணாமலையில் நான் கணக்கு எழுதும் லாட்ஜின் பார்க்கிங்கில் சார்ஜ் போட முதலாளியிடம் அனுமதி கேட்டேன்.

"தனி மீட்டர் வெச்சிடலாம் சார். கரண்ட் செலவை நானே குடுத்துடறேன்."

"இன்னிக்கு காரு, நாளைக்கு வூட்லேர்ந்து கிரைண்டரைத் தூக்கினு வருவியா?" என்று எல்லோர் எதிரிலும் கத்தினார். கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். வேலையை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன்.

அப்போது என் பக்கத்து மேசையில், ரிசப்ஷனில் இருந்த மும்தாஜ் எழுந்தாள். ஒரு லீவு தகராறுக்குப் பிறகு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டவள்.

"நானும் எலெக்ட்ரிக் வண்டிதான் சார் வாங்கப்போறேன். ரூம் கேட்டு வர்றவங்களும் சார்ஜ் போட எடம் இருக்கானு கேக்கறாங்க. இல்லைன்னா வேற லாட்ஜுக்குப் போயிடறாங்க."

"ரெண்டு பேரும் சேந்துக்கினு மிரட்டறீங்களா?" என்று சீறியவர், மறுவாரம் முனகிக்கொண்டே மீட்டர் வைத்தார். இன்றுவரை என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

மும்தாஜிடம் நன்றி சொல்லப் போனேன். "உங்களுக்காக ஒண்ணும் பேசலைங்க. எனக்கும் வேணும்," என்றாள் வெடுக்கென்று.

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால், இது வேறு யாருக்காவது தேவைப்படுமா என்று பக்கத்து மேசையில் கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே!