பூஜ்ஜியத்தை எந்தப் பக்கம் தள்ளுவது?

மகிழ்ச்சி தாங்கவில்லை, அதனால் பள்ளிச் சீருடையோடே எழுதுகிறேன்.

இன்று கணினிப் பாடத்தில் பைத்தான் செய்முறைத் தேர்வு. கொடுத்த எண்களில் பிளஸ் எண்களை ஒரு பட்டியலிலும் மைனஸ் எண்களை இன்னொரு பட்டியலிலும் பிரிக்க வேண்டும்.

என் நிரல் ஓடியது. ஆனால் நடுவில் இருந்த பூஜ்ஜியம் இரண்டிலும் வரவில்லை.

“இன்னாடி, முழுங்கிட்டியா? எதுலயாவது தள்ளிவுடு, சார் வர்றாரு” என்றாள் பக்கத்தில் இருந்த ஜெனிபர்.

எனக்கு மனம் வரவில்லை. அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து பார்க்கிறார். சரியான அளவைவிடக் கூடினால் பிளஸ். அதை மறுபடி தேய்ப்பார்கள். குறைந்தால் மைனஸ், அது தூக்கிப்போட வேண்டிய ஸ்கிராப். பூஜ்ஜியம் வந்தால்தான் நல்ல பீஸ்.

மூன்றாவதாக ஒரு பட்டியல் போட்டு, அதற்கு ‘ஓகே’ என்று பெயர் வைத்தேன்.

சார் திரையைப் பார்த்தார். “ரெண்டுதானேம்மா கேட்டேன்?”

“நல்ல பீஸை எதுல சார் தள்றது?” என்று கேட்டு, காரணத்தையும் சொன்னேன்.

சிரித்துக்கொண்டே முழு மதிப்பெண் போட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து, அதே நிரலை போனில் ஓட்டி அம்மாவிடம் காட்டினேன். அம்மா மூன்று பட்டியலையும் பார்த்தார்.

“இன்னாது, இத்தனையில ஒரே ஒரு பீஸ்தான் ஓகேவா? மொதல்ல அந்த மிஷின நிறுத்தச் சொல்லு.”

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் கமெண்டில் காப்பாற்றுங்கள்.