அவஸ்தை பூசிய கை

நான் கிளீனராக இருக்கும் பஸ் ஷெட்டில் எண்ணெய் துடைத்த பஞ்சை இன்று கொளுத்தினார்கள். அந்த வாசனை பட்டதும் கூடலூரில் எங்கள் வீட்டு அடுப்படிக்கே போய்விட்டேன்.

அப்போது நான் சிறுவன். மலைக்காய்ச்சலில் அத்தை பேச்சில்லாமல் கிடந்தாள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து அவள் கண், காது, உதடு, கை, கால் எல்லாம் மந்திரித்த எண்ணெய் தொட்டு, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை பூசினார். துடைத்த பஞ்சை அடுப்பில் எரித்துவிட்டுப் போனார். அய்யா சவப்பெட்டிக்குப் பலகை பார்க்கக் கிளம்பினார். அவர் திரும்பியபோது அத்தை எழுந்து கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஒருவரும் கிட்டப் போகவில்லை.

“ஏலே, அவ கையால வாங்கிராத. அவஸ்தை பூசுனவ ஆள் கணக்குல சேத்தி இல்ல” என்றார் அய்யா.

“சீக்காளிக்குத் தெம்பு வரட்டும்னுதான சாமியார் பூசுனாக? வந்தா பயப்படுறீகளே!” என்றாள் அத்தை.

அவள் கால் தரையில் படுகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன்.

“காலு இருக்காடா?”

“இருக்கு அத்தை. பேய்க்கு உப்புப் போடத் தெரியுமான்னுதான் பாக்கணும்.”

அவள் சிரிக்கவில்லை. கஞ்சியை நீட்டினாள். விரல்கள் சில்லென்றிருந்தன, எரிந்த பஞ்சு வாசனை அடித்தது. வாங்கிக் குடித்தேன். உப்பே இல்லை.

இன்றும் ஊருக்குப் போனால் அவள் சமைப்பதை வீட்டில் நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன். உட்காரும் முன் ஒரு தடவை அவள் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.