திருக்கைக்கு ஒரு நீட்டுக் கத்தி

காலை ஆறு மணி பத்து நிமிடம். கோட்டைப்பட்டினம் மீன் இறங்குதளத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு கல். உள்ளங்கை அகலம். நடுவில் குழி விழுந்து, தண்ணீர் பட்டுக் கருத்திருந்தது. ஈரச் சாக்கின் மேல், ஒரு பெண்ணின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் முதல் மீனோடு திரும்பிய நாள் அது. புதுக்கோட்டையில் ஒரு நாளிதழுக்கு இருபத்தாறு வருடமாகச் செய்தியாளனாக இருக்கிறேன். வரத்து எப்படி, விலை எப்படி என்று கேட்டு எழுதப் போயிருந்தேன். அதை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் காரணம், நான் வீட்டுப் பின்பக்கம் ஏழு வருடமாக வாள் செய்கிறவன். கல்லைக் கண்டால் கத்தியைப் பார்க்காமல் நகர முடியாது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்னால் ஒரு மரக்கட்டை. இடது பக்கம் திருக்கைகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு நான்கைச் சேர்த்து வைத்த அகலம். ஒன்றை இழுத்துக் கட்டையில் போட்டு, நடு உடம்பிலிருந்து இரண்டு இறக்கைகளையும் அறுத்து எடுத்தார். கையில் இருந்தது எட்டு அங்குலக் கத்தி. ஓர் இறக்கைக்கு ஐந்தாறு இழுப்பு தேவைப்பட்டது. மூன்று மீன் முடிந்ததும் கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியைத் தேய்த்தார். கைக்கடிகாரத்தில் பார்த்தேன், ஒன்றரை நிமிடம். மறுபடி மூன்று மீன், மறுபடி கல். வலது மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றியிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

தள்ளி நின்றேன். "கத்தி இப்படி மழுங்குதே, ஏம்மா?"

"திருக்கைத் தோல ஒரு தடவ தடவிப் பாருங்க. பெறகு கேளுங்க."

தடவினேன். தச்சர்கள் மரம் தேய்க்கிற உப்புத்தாள்தான்.

"கையில என்ன கட்டு?"

"வீக்கம். அறுக்கிறது பாதி, தேய்க்கிறது பாதி. டாக்டரு மூணு மாசம் கத்தியத் தொடாதேங்கிறாரு. மூணு நாளு தொடலைன்னாவே இந்தக் கட்டையில வேற ஆளு வந்து உக்காந்துரும்."

என்னையும் மீறிச் சொல்லிவிட்டேன். "நான் ஒரு கத்தி செஞ்சு தாரேன்."

அவர் என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். பக்கத்துக் கட்டையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "மதினி, கேட்டீங்களா? பேப்பர்க்காரவுக கத்தி செஞ்சு தர்றாகளாம்" என்றார். பிறகு என்னிடம், "கொண்டாங்கண்ணே. இந்தக் கல்லத் தொடாம ஒரு நாளு வேலைய முடிச்சேன்னா, அது கத்தி. இல்லாட்டி அதுவும் வெறும் இரும்புதான்" என்றார்.

வாள் செய்யத் தொடங்கியது யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல. எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கு ஒரு சிறப்புக் கட்டுரைக்காகப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வாள்களை ஒரு மணி நேரம் பார்த்தேன். கட்டுரை பத்தாவது வரியில் முடிந்துவிட்டது. குறிப்பேட்டில் மட்டும் வாளின் வளைவையும், பக்கவாட்டில் ஓடும் பள்ளத்தையும் நான்கு பக்கம் வரைந்திருந்தேன். பழைய லாரியின் பிரேக் டிரம்மை உலையாக்கினேன். தலைமுடி காய வைக்கிற மிஷின் காற்று ஊதியது. கொட்டாங்குச்சிக் கரி. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி வாங்கிவந்து அடித்தேன். பாதி போனில் வீடியோ பார்த்துக் கற்றது, மீதி கெடுத்துக் கற்றது. இரும்பு போதுமான சூட்டுக்கு வந்துவிட்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதுவரை பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கம்பியில் கட்டிப் பக்கத்தில் கொண்டுபோவேன். சரியான சூட்டில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது.

பதினோரு வாள் செய்தேன். கடைசி நான்கு நன்றாக இருந்தன என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கையில் எடுத்தால் எடை தெரியாது. நுனியைப் பிடித்து வளைத்து விட்டால் மறுபடி நேராக நிற்கும். ஆனால் ஒன்றுக்குக்கூடக் கூர் வைக்கவில்லை. கூர் வைத்த வாள் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் காவல் நிலையச் செய்திக்குறிப்புகளைப் பார்த்தே நான் அறிந்தவன். அதனால் ஏழு வருடத்தில் என் கையால் செய்த எதுவும் எதையும் வெட்டியதில்லை. அந்தப் பெண் கேட்டது வெட்டுகிற ஒன்றைத்தான், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாமலே.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவருக்குத் தேவை வாள்தான் என்று பட்டது. குட்டைக் கத்தியால் ஐந்து தடவை இழுப்பதை நீளமான, மெல்லிய, லேசாக வளைந்த தகடு ஒரே இழுப்பில் செய்யும். இருபத்திரண்டு அங்குலத் தகடு. வீங்கிய கைக்கு இன்னொரு கை துணை வர, ஒன்பது அங்குலப் பிடி.

முதல் கத்தியை ஒரு மாதத்தில் கொண்டுபோனேன். நான்காவது திருக்கையில் குருத்தெலும்பில் பட்டு விளிம்பு மூன்று இடத்தில் தெறித்தது. அவர் அதை வெயிலில் பிடித்து, "முன்பல்லு மூணு போயிருச்சு அண்ணே. கட்டிக்குடுக்கிறது கஷ்டம்" என்றார். நண்டு மதினி சிரித்த சிரிப்பில் ஏலக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

தவறு எங்கே என்று தெரியும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய இரும்பு கண்ணாடிபோல ஆகிவிடும். அதை மறுபடி மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். சின்னக் கத்திகளுக்கு என் மனைவியின் ஓவன் போதும். அவர் ஆவூர்ப் பக்கத்துக்காரர், பள்ளி ஆசிரியை. ஓவன் கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்கியது. இருபத்திரண்டு அங்குலம் அதற்குள் போகாது. சரிந்து வைத்துப் பார்த்தேன், கோணலாக வைத்துப் பார்த்தேன்.

"ஏங்க, கதவத் தொறந்து வச்சு வேக வைக்கலாம்னு பாக்குறீங்களா? போன வருசக் கேக்குல ஏற்கெனவே இரும்பு வாசம்னு எங்கண்ணன் சொல்லிட்டுப் போனாக."

இரண்டாவது கத்தியை அடுப்புத் தீயில் காட்டினேன். ஓரிடம் அதிகம், ஓரிடம் குறைவு. நுனி இளகிப்போய், இரண்டாவது திருக்கையிலேயே வளைந்தது. இந்தத் தடவை அந்தப் பெண் கேலி செய்யவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய கத்தியை எடுத்தார். பேண்டேஜ் இப்போது முழங்கையை நோக்கி நான்கு விரற்கடை ஏறியிருந்தது.

விடை கிடைத்தது புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில். ஒரு பேட்டிக்காகக் காத்திருந்தேன். எதிரில் தள்ளுவண்டியில் ஒருவர் சட்டி மணலில் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் பார்த்தேன். ஒரு கடலைகூடக் கருகவில்லை.

"மணல் எதுக்குண்ணே?" என்றேன், தெரியாதவன்போல.

"சட்டி நேராப் பட்டா ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பச்சையா நிக்கும். மணலு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பந்தி வைக்கும். எம்புட்டு வேணும்?"

கால் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பேட்டிக்கு மறுநாள்தான் போனேன்.

மூன்றாவது கத்தியை ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு முக்கினேன். நீளமான தகடு எண்ணெயில் சரிந்து இறங்கினால் கோணிக்கொள்ளும். அதனால் இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் செங்குத்தாகப் புதைத்து, கடலை எண்ணெயைச் சூடாக்கி ஊற்றியிருந்தேன். தகடு நேராக இறங்கியது. புகை எழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டம்மாள் குரல் வந்தது: "டீச்சர், என்ன பலகாரம்?"

"நீட்டு முறுக்கு" என்றார் என் மனைவி.

தகட்டைத் துடைத்து வெள்ளையாகும்வரை தேய்த்தேன். பாதியாகப் பிளந்த குழாயில் ஆற்றுமணலை நிரப்பி அடியில் கரி போட்டேன். மணல் நன்றாகச் சுட்டதும் கத்தியின் முதுகை அதில் புதைத்து, வெட்டும் விளிம்பு மட்டும் மேலே தெரியும்படி நிறுத்தினேன். முதுகில் முதலில் வைக்கோல் நிறம் வந்தது. அது கருப்பட்டி நிறமாக மாற, வைக்கோல் நிறம் விளிம்பை நோக்கி ஏறியது. இருபத்திரண்டு அங்குலமும் ஒரே கோடாக, தரையில் தண்ணீர் பரவுவதுபோல, ஒரே வேகத்தில் ஏறியது. விளிம்பைத் தொட்டதும் எடுத்துத் தண்ணீரில் விட்டேன். முதுகு வளையும், விளிம்பு தேயாது. எந்த வீடியோவிலும் இதை நான் பார்க்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஓவனக் கழுவி வைங்க."

பிடிக்கு வேம்பு. அதன் மேல் வலை நூல். "ஈரத்துல மரம் வழுக்கும், நூலு சுத்திட்டு வாங்க" என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தார்.

புதன்கிழமை அதிகாலை பைக்கில் கிளம்பினேன். அறந்தாங்கி தாண்டும்போது லேசாக விடிந்தது. கத்தியை எங்கள் பத்திரிகையிலேயே சுற்றிப் பின்னால் கட்டியிருந்தேன். இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது கோட்டைப்பட்டினத்துக்குள் நுழையும் இடத்தில் வாகனச் சோதனை நடந்தபோதுதான் உறைத்தது. காவலர் தாளைப் பிரித்தார். உள்ளே இருந்ததை எடுத்துச் சாண் போட்டார்.

"மூணு சாண் இருக்கும்போலயே. என்னங்க இது?"

"மீன் வெட்டுற கத்தி சார். பிடி நீங்கலா இருபத்திரண்டு அங்குலம்."

"ரெண்டு கையால பிடிக்கிற மாதிரி இருக்கு?"

"அந்தம்மாவுக்குக் கை வீக்கம்."

என் அடையாள அட்டையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "பேப்பர்ல இருக்கீங்களா? இத நாங்க பிடிச்சோம்னு குறிப்பு குடுத்தா நீங்க என்னன்னு போடுவீங்க?"

உண்மையைச் சொன்னேன். "'இரண்டரை அடி நீள பட்டாக்கத்தி பறிமுதல்'னு போடுவேன் சார்."

"அளந்து பாப்பீங்களா?"

"இதுவரைக்கும் பாத்ததில்ல."

அவர் சிரித்தார். ஆனால் கத்தியைத் திருப்பித் தரவில்லை. "அந்தம்மா எங்கிட்டு இருக்காங்க? வாங்க, வெட்டிக் காட்டட்டும். மீனு வெட்டுனா உங்களுது. இல்லாட்டி ஸ்டேஷனுக்குப் போவோம்." கத்தியோடு தன் வண்டியில் ஏறினார். இருநூறு மீட்டர் அவருக்குப் பின்னால் போனேன்.

அன்று வரத்துக் குறைவு. பதினான்கு திருக்கை. அந்தப் பெண் காவலரையும் கத்தியையும் என்னையும் வரிசையாகப் பார்த்தார்.

"என்னண்ணே, இந்தத் தடவ பாதுகாப்போட வந்திருக்கீக?"

"வெட்டுங்கம்மா, பாப்போம்" என்றார் காவலர்.

ஆறு மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு முதல் மீன் கட்டையில் விழுந்தது. அவர் இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, விளிம்பை நடு உடம்பின் ஓரத்தில் வைத்துத் தன் பக்கமாக இழுத்தார். இறக்கை தனியாக வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த இறக்கைக்கும் ஒரே இழுப்புதான்.

மூன்றாவது மீன் முடிந்ததும் வலது கை தானாகக் கல்லுக்குப் போனது. பாதியில் நின்றது. கட்டைவிரலால் விளிம்பைக் குறுக்கே தொட்டுப் பார்த்துவிட்டு நான்காவது மீனை இழுத்தார்.

ஒன்பதாவது பெரியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். முதல் கத்தி தெறித்தபோது கேட்ட அதே சத்தம். அவர் கத்தியை உருவி, கடல் பக்கமாகத் திரும்பி, வெளிச்சத்தில் முழு நீளத்தையும் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். விளிம்பு முழுசாக இருந்தது.

"பல்லு இருக்காடி?" என்றார் நண்டு மதினி.

"எல்லாப் பல்லும் இருக்கு மதினி."

காவலர் போன் பேசிவிட்டு வந்து, "பத்துதானே ஆச்சு?" என்றார்.

"பதினொண்ணு சார்" என்றேன். "நீங்க பேசுறப்ப ஒண்ணு போச்சு."

"உங்க கத்தி, நீங்க கூட்டித்தான் சொல்வீங்க."

"சார், இறக்கைய எண்ணுங்க, ரெண்டால வகுங்க" என்றார் அந்தப் பெண், தலை நிமிராமல். காவலர் நிஜமாகவே குனிந்து எண்ணினார். இருபத்திரண்டு இறக்கைகள். தலையாட்டிவிட்டு, தனக்கு ஒரு கிலோ எடுத்து வைக்கச் சொன்னார். சோதனைக்குத் திரும்பிப் போகும்போது, "உறை ஒண்ணு செஞ்சு குடுங்க. இப்பிடிப் பேப்பர்ல சுத்திக்கிட்டுத் திரியாதீங்க" என்றார் என்னிடம்.

ஏழு மணி முப்பத்திரண்டு நிமிடத்துக்குப் பதினான்காவது திருக்கை முடிந்தது. அந்தப் பெண் கத்தியைக் கழுவி, முந்தானையில் துடைத்து, சாக்கில் படுக்க வைத்தார். பேண்டேஜைக் கழற்றி மணிக்கட்டை இரண்டு தடவை சுழற்றிப் பார்த்தார். எழுந்து டீ வாங்கப் போனார்.

கல் காய்ந்து வெளுத்திருந்தது.