பிடங்குக்கு வைத்த ரப்பர் மெத்தை

1. பிளாஸ்டிக் வந்த நாள்

லண்டனில் ஒரு துவக்குக் கடையில் வேலை செய்தேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையான துவக்கோ?" என்று கேட்பார்கள். உண்மையான துவக்குத்தான். மான் வேட்டைக்குப் போகிறவர்களும் கிளப்பில் குறிபார்த்துச் சுடுகிறவர்களும் தங்கள் ரைபிள்களைப் பழுதுபார்க்கக் கொண்டுவரும் கடை அது. ஸ்ட்ரெதம் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தபோது என் வேலை கூட்டுவது, தேநீர் போடுவது, மரத்துக்கு எண்ணெய் தேய்ப்பது. அதுவும் தற்காலிகம்.

முதலாளி மிஸ்டர் கிரேன் வால்நட் மரத்தைத் தவிர வேறொன்றையும் மதிக்காத மனிதர். ரைபிளின் இரும்பைத் தாங்கி நிற்கிற கட்டைக்கு ஸ்டொக் என்று பெயர். அதில் தோளோடு அணைக்கிற அடிப்பகுதியை நாங்கள் ஊரில் பிடங்கு என்போம். அதெல்லாம் மரத்தில்தான் இருக்கவேண்டும் என்பது அவர் மதம். அப்படிப்பட்டவரின் மேசைமேல் ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை மிஸ் டால்பி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை கறுப்பு ஃபைபர்கிளாஸ் ஸ்டொக் பூட்டிய ரைபிளைக் கொண்டுவந்து வைத்தார். குள்ளமான மனுஷி. மரம் பாரம் என்று இதை வாங்கியிருக்கிறார், ஆனால் கட்டை நீளம், விசைக்குக் கை எட்டவில்லை. அடுத்த சனி கிளப்பில் போட்டி.

மிஸ்டர் கிரேன் விரல் நுனியால் அதைத் தட்டிப் பார்த்தார். அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இது வாளி செய்யிற சாமான். நான் வாளி வெட்டுறேல்லை."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "சேர், நான் ஊரில ஃபைபர்கிளாஸ் வள்ளம் கட்டினனான்," என்றேன்.

அவர் என்னை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப இது உன்ர பொறுப்பு. சரிவந்தால் ஜன்னலோரம் இருந்து வேலை செய்யிற வாங்கும் வேலையும் உனக்கு நிரந்தரம். பிழைச்சால் நீ வேற இடம் பாக்கிறது நல்லம்."

2. யாழ்ப்பாணத்துக் கைக்கணக்கு

மிஸ் டால்பியை அவருடைய தடித்த கோட்டோடு நிற்கவைத்து அளவெடுத்தேன். விசையிலிருந்து பிடங்கின் முனைவரை உள்ள தூரம்தான் முக்கியம். கோட்டில்லாமல் அளந்து வெட்டினால் போட்டியன்று கட்டை நீளமாகிவிடும். பிறகு இரும்புப் பகுதியைக் கழற்றி முதலாளி தன் அலுமாரியில் பூட்டினார். லைசன்ஸ் அதற்குத்தான், வெறும் கட்டைக்கு இல்லை. மாஸ்கிங் டேப் சுற்றி, பழைய சாய்வு மாறாமல் கோடு போட்டு, நுண்பல் வாளால் மெதுவாக அறுத்தேன். வெட்டு சுத்தமாக வந்தது.

ஆனால் உள்ளே கோறை. நடுவில் நுரை மட்டும். தோளுக்கு நோகாமலிருக்க முனையில் ஒரு ரப்பர் மெத்தை பூட்டவேண்டும், அதன் ஸ்குரூ பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. நுரையைக் கொஞ்சம் தோண்டிவிட்டு ரெசின் ஊற்றி அடைப்பதுதான் வழி. டின்னைத் திறந்த உடனேயே மிஸ்டர் கிரேன் மூக்கைப் பொத்தினார்.

"என்ர மரமெல்லாம் இந்த நாத்தத்தைக் குடிச்சிடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்!"

கறுப்புக் குப்பைப் பையில் சுற்றிய கட்டையோடு என் வீடு இருந்த கிங்ஸ்பரிவரை ரயிலில் போனேன். வழியெல்லாம் ஒருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. வீட்டுப் பின்வளவில் ஒரு ஷெட் இருந்தது. அங்கே வைத்து ரெசினைக் கலந்தேன். அதை இறுகவைக்கிற ஹார்ட்னரைக் கை பழகிய கணக்கில்தான் விட்டேன். எந்த ஊரில் பழகிய கை? ஊரில் வள்ளம் கட்டுகிற எங்கள் வாடியில் வெயிலுக்கு ரெசின் மளமளவென்று இறுகிவிடும். கொஞ்சம் கூடினாலும் கலக்கிய பேணிக்குள்ளேயே கல்லாகி, புகையும் வரும். அதனால் ஹார்ட்னரை மருந்துபோலத் துளித்துளியாக விடுவோம். அதே துளியை லண்டன் தை மாதத்துக் குளிரில் விட்டிருக்கிறேன். ஞாயிறு காலை போய்த் தொட்டால் விரல் ஒட்டியது. ரெசின் சீனிப் பாணிபோல் கிடந்தது.

சூடு வேண்டும். வீட்டுக்குள் சுடுதண்ணீர் சிலிண்டர் இருக்கிற அலுமாரி நினைவுக்கு வந்தது. ஒரு நாள் வைத்தால் போதும்.

3. வாசல்

குசினிக் கதவில் பத்மா நின்றாள். கலியாணமாகி நாங்கள் லண்டனில் சேர்ந்திருக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"இஞ்சாருங்கோ, அது என்ன?"

"கடைச் சாமான். அலுமாரிக்குள்ள ஒரு நாளைக்கு வைக்கப்போறன்."

"துவக்கே?"

"துவக்கில்லை பத்மா. குழல் இல்லை, விசை இல்லை. சும்மா பிடங்கு. இதால ஒருத்தருக்கும் ஒண்டும் செய்ய ஏலாது."

அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஊரில துவக்கோட எங்கட வீட்டுக்கு வந்தவங்கள் ஒருத்தரையும் சுடேல்லை. அந்தப் பிடங்குப் பக்கத்தாலதான் கதவை உடைச்சவங்கள். அந்தப் பக்கத்தாலதான் அண்ணைக்கு அடிச்சவங்கள். இண்டைக்கும் அவருக்குத் தோள் உயராது. சட்டை போடுறதுக்கும் அண்ணிதான் வேணும்."

அவளுடைய அண்ணைக்குத் தோளில் ஏதோ கோளாறு என்று தெரியும். கிணற்றடியில் விழுந்தது என்று கலியாணப் பேச்சின்போது சொன்னார்கள். நான் கட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. வேலை போகப்போகிறதே என்ற பயமும் கூடவே இருந்தது.

"சரி, உள்ளுக்குக் கொண்டுவரேல்லை," என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினேன்.

பழைய ஜம்பர் ஒன்றால் கட்டையைச் சுற்றி, வாளியொன்றைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்தேன். அதால் ஒரு மண்ணும் ஆகாது என்று எனக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் ஷெட் கதவு திறந்தது. பத்மா. ஒரு கையில் தான் படுக்கையில் வைக்கிற சுடுதண்ணிப் பை, மறு கையில் கம்பளி.

"வேலை போனால் பிறகென்ன செய்யிறது," என்று மட்டும் சொன்னாள்.

அன்று முழுக்கப் பை ஆற ஆற அவளே கேத்திலில் தண்ணீர் சுடவைத்துக் கொண்டுவந்து மாற்றினாள். கட்டையை மட்டும் தொடவில்லை. சாயந்தரம் நகத்தால் குத்திப் பார்த்தேன், நகம் இறங்கவில்லை. ஷெட்டுக்குள் நின்று சத்தமாகச் சிரித்தேன். பிறகு துளையிட்டு, ரப்பர் மெத்தையை ஸ்குரூவில் பூட்டி, கட்டையின் விளிம்போடு சேர அரத்தால் ராவினேன்.

பத்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதேன் மெத்தை?"

"சுடேக்க பின்னால உதைக்கும். தோள் நோகக்கூடாதெல்லே."

அவள் கை நீட்டி அந்த ரப்பரை ஒரு விரலால் அமுக்கினாள்.

"அப்ப, இந்தப் பக்கமும் நோகும் எண்டு செய்யிறவைக்குத் தெரியும்."



4. ஜன்னலோர வாங்கு

அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு மாலையும் ஷெட்டில்தான் கழிந்தது. வெட்டிய விளிம்பை நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மினுக்கமில்லாத கறுப்பு ஸ்பிரே அடித்தேன். ஸ்பிரே டின்னையும் அடிக்குமுன் சுடுதண்ணீரில் வைத்தேன். யாழ்ப்பாணத்துக் கணக்கு இங்கே வேகாது என்று அதற்குள் படித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மிஸ்டர் கிரேன் வெட்டிய தடத்தைக் கண்ணாடி போட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. மிஸ் டால்பி கோட்டோடு வந்து தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் இது என்ர," என்றார்.

"நல்ல வாளி," என்று முதலாளி முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது. திங்கட்கிழமை ஜன்னலோர வாங்கில் என் சாமான்களை வைத்தேன். தொண்ணூறுகள் முழுக்க அங்கேதான் இருந்தேன். வந்த பிளாஸ்டிக் எல்லாம் என் கைக்குத்தான் வந்தது. அந்த வாங்கையும், அந்தக் கிழவரின் எரிச்சலையும், எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசத்தையும் இன்றைக்கும் தேடுகிறேன். பிறகு ஷெட்டுக்கு ஒரு ஹீட்டர் வந்தது. ஆனால் கடைசிவரை ஒரு கட்டைகூடக் குசினி வாசலைத் தாண்டவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டு விஷயம்தான் உண்டு. ரெசின் கலக்குமுன் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். மற்றது, துவக்கில் ஆபத்தான பக்கம் எது என்று யாராவது கேட்டால் குழலைக் காட்டி அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். கேட்கிறவர் அதற்கு எந்தப் பக்கத்தில் நின்றவர் என்று முதலில் கேளுங்கள்.