கடல் குளிக்கப் போன குளிர்க்கோட்டு

பருத்தித்துறையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தும், முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவள் நான். அப்படிப்பட்ட என்னை, டுசல்டோர்ஃபில் ஆட்களைக் கள்ளமாக நாடு கடத்தி அனுப்பும் ஏஜென்சி வேலை பார்த்த ஓர் அண்ணை, கரீபியன் பக்கத்துச் சின்னத் தீவொன்றுக்குக் கடல் குளிக்கப் போகும் உல்லாசப் பயணியாக்கிவிட்டார். தீவின் பெயர் வேண்டாம். அந்த விமான நிலையத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் என் மனுசனால் வந்தது. கலியாணம் முடிந்த பதினோராம் நாள் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர், கனடாவில் ரொறன்ரோவில் போய் நின்றார். பின்னால் வெளிக்கிட்ட நான் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டேன். அகதிகளை வைத்திருக்கும் ஹைமில் இரண்டு வருடமாக அவருடைய கடிதங்களோடு குடும்பம் நடத்தினேன். பதினோரு நாள் பார்த்த முகம் மறக்கத் தொடங்கியிருந்தது. அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

தீவில் இறங்கி ஒரு நாள் நின்றுவிட்டு, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு விமானம் ஏறுவதுதான் அண்ணையின் திட்டம்.

"தங்கச்சி, சூட்கேசுக்குள்ள கனடா எண்ட வாசமே இருக்கக் கூடாது. நீர் ஒரு கிழமை கடல் குளிக்கப் போற ஆள். விளங்கிச்சுதோ?"

"ஓம் அண்ணை."

பூப்போட்ட தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தந்தார். கண்ணாடியில் பார்த்தேன். யாரோ பணக்கார வீட்டுப் பைத்தியம் மாதிரி இருந்தேன்.

எங்கள் சனத்தில் ஒருவர் பயணம் போகிறார் என்றால் அவர் ஆள் இல்லை, தபால் வண்டி. முதலில் வந்தவ பக்கத்து அறை அக்கா.

"பிள்ளை, ஒரு சின்னப் பொதிதான். ரொறன்ரோவில என்ர தம்பிக்கு."

"ஏலாது அக்கா. கனடா எண்டு எழுதின ஒண்டும் கொண்டு போகேலாது."

"ஆர் கனடா எண்டு எழுதப் போறது? பேரைத் தமிழில எழுதுறன். அங்கத்தைய ஒபிசர் தமிழ் வாசிப்பாரோ? கீழ ரெலிபோன் நம்பர் மட்டும் போடுறன். இல்லாட்டி அவன் எப்பிடி வந்து எடுக்கிறது?"

எவ்வளவு கெட்டித்தனம் என்று எனக்கும் பட்டது, பாருங்கள். மாட்டேன் என்றால் 'இப்பவே பெரிய ஆளாயிட்டா' என்ற கதை எனக்கு முன்னே ரொறன்ரோ போய்ச் சேர்ந்துவிடும். பனங்கிழங்குப் புழுக்கொடியல், கறித்தூள், குழந்தைச் சட்டை என்று, அதே மாதிரி நம்பர் எழுதிய ஏழு பொதி சேர்ந்தது. எட்டாவதாக, பழைய சாமான் சந்தையில் என் மனுசனுக்கென்று நான் வாங்கிய ஆம்பிளைக் குளிர்க்கோட்டு. அங்கே குளிர் எலும்புக்குள் போகிறது என்று எழுதியிருந்தார். அதை மட்டும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தீவில் இறங்கினால், சர்வதேச விமான நிலையம் என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. கட்டடம் எங்கள் பள்ளிக்கூட மண்டபமளவு. ஓடுபாதை முடிந்ததும் கடல். வாசலில் இரண்டு பேர் தகர மேளம் தட்டி எல்லோரையும் வரவேற்றார்கள். கூட வந்த ஜெர்மன்காரர் எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். நானும் சிரித்துக்கொண்டு போனேன். என்னை மட்டும் மேசைக்குக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெரிய அம்மா, சீருடையில். சூட்கேசைத் திறந்து கோட்டைத்தான் முதலில் தூக்கினார். அந்த வெயிலில் அதைப் பார்க்கவே வியர்த்தது. இது எதற்கு என்று இங்கிலீசில் கேட்டார். மாலையில் கடற்கரையில் குளிரும் என்று கேள்விப்பட்டேன் என்றேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

பிறகு பொதிகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தார். தமிழ் எழுத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். எனக்குள் ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகு அவர் விரல் கீழே இறங்கியது. நாலு, ஒன்று, ஆறு. அடுத்த பொதியிலும் நாலு, ஒன்று, ஆறு. ஏழிலும் அதே தொடக்கம்.

"என் தங்கையின் நம்பரும் இப்படித்தான் தொடங்கும்," என்றார். "ரொறன்ரோவில் இருக்கிறாள். இந்தத் தீவில் பாதி வீட்டுக்கு அங்கே ஓர் ஆள் உண்டு."

வந்த விமானத்திலேயே திரும்பிப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. தொப்பியோடும் கண்ணாடியோடும் குந்தியிருந்து அழுதேன். கோட்டு யாருக்கு என்று அந்த அம்மா மெல்லக் கேட்டார். இவரைப் பற்றிச் சொன்னேன், பதினோரு நாளையும் சொன்னேன். என்னை உள்ளே விட அவருக்கு அதிகாரம் இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தச் சாமானையாவது ரொறன்ரோவுக்குப் போக விடுவீர்களா என்று கேட்டேன். ஏழு வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அடுத்த கிழமை தன் தமையனின் மகள் ரொறன்ரோவில் அந்தத் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம், அவளிடம் கொடுத்துவிடுவாராம். "நம்பர்தான் எழுதியிருக்கிறதே," என்றார். கோட்டில் குத்த, இவருடைய நம்பரையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

வெறும் சூட்கேசோடு ஹைமுக்கு வந்தேன். மூன்றாம் கிழமை, பக்கத்து அறை அக்கா என் கதவைத் தட்டினா. தம்பிக்குப் பொதி கிடைத்துவிட்டதாம்.

"பாத்தீரே, நான் நம்பர் போட்டபடியால்தான் போய்ச் சேந்தது," என்றா. அவவின் கழுத்தை நெரிக்காமல் விட்டது என் பெரிய மனது.

அன்று பின்னேரம் ஹைமின் நடையில் இருந்த ரெலிபோனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இவர்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"கோட்டு வந்தது. அளவு சரி," என்றார்.

"சந்தோஷம்," என்றேன்.

"பொக்கற் எல்லாத்துக்குள்ளயும் கைவிட்டுப் பாத்தன்," என்றார். "உம்மைத்தான் காணேல்லை."