நாலு மணிக் குரல்

என் தொண்டைக்குள் ஓர் ஆண் குடியிருக்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். பர்மியப் பிள்ளைகள் ஆரம்பித்து வைத்தார்கள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்தது, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு யார் குரலும் வரும். காலையில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்றுக்கொண்டு வருபவள், பழைய பேப்பர் வாங்குபவர், கணக்கு டீச்சர், யாராக இருந்தாலும் இரண்டு தரம் கேட்டால் போதும். ஆண் குரல்கள் இன்னும் சுலபமாக வந்தன. ஒருநாள் எங்கள் ஐந்தாம் மாடிப் பால்கனியில் ஒளிந்துகொண்டு பேப்பர்காரர் மாதிரி கூவினேன். எதிர்க் கட்டடத்து அம்மாள் பேப்பர் கட்டைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். விஷயம் தெரிந்து அம்மா முதுகில் நாலு வைத்தார். அடி வாங்கிக்கொண்டே சிரித்தேன். குரல் மாற்றிப் பேசுவதைவிடப் பிடித்த வேலை எனக்கு உலகத்தில் எதுவும் இல்லை.

பத்து வயதில், என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அப்பா இறந்துபோனார். அதுவரை தினமும் பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே நின்று "தமீ" என்று இழுத்துக் கூப்பிடுவார். பர்மியில் மகளே என்று அர்த்தம். அவர் போய் ஒரு மாதம் ஆகியும் அவள் யாரோடும் பேசாமல் இருந்தாள். அவளைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மணி அடித்ததும் தூண் மறைவில் நின்று, அவர் குரலில் "தமீ" என்றேன்.

அவள் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எல்லோரும் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என் பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். எனக்கு நத் ஏறியிருக்கிறது, ஆவி புகுந்த பெண் நான், என்று வகுப்பு முடிவு செய்திருந்தது. நான் குடித்த தண்ணீர்க் கோப்பையை இரண்டு பிள்ளைகள் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டார்கள். வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு எல்லாக் குரல்களையும் விட்டுவிட்டேன். முப்பது வருடம் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்ததில்லை.

இப்போதும் அதே ஐந்தாம் மாடிதான். அப்பா காலமாகிவிட்டார். நானும் அம்மாவும் இருக்கிறோம். என்னைவிட ஒன்பது வயது சின்னவனான தம்பி ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கட்டாய ராணுவச் சேர்ப்புக்குப் பயந்து அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் போனபோது அவனும் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போனான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு என் போனில் கூப்பிடுவான். அம்மாவுக்குக் கண்ணில் புரை, காதும் பாதிதான். அவன் குரல்தான் அவருக்குச் சாப்பாடு.

போன மழைக்காலத்தில் அழைப்பு நின்றது. அவன் போன் அணைந்திருந்தது. கூடப் போனவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா முதலில் ராத்திரிச் சோற்றை நிறுத்தினார், பிறகு மத்தியானச் சோற்றை. ஏழாம் வாரம் அவரைத் தூக்கிக் குளிக்க வைத்தபோது ஈர லுங்கியின் கனம்தான் இருந்தது. டாக்டர் மருந்து எழுதவில்லை. "மகனைப் பேசச் சொல்லுங்கள்" என்றார். எனக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. யாரைப் பேசச் சொல்வது?

மறுநாள் நாலு மணிக்கு அம்மாவின் சின்னப் பட்டன் போனைத் தலையணையருகில் வைத்தேன். தம்பி இனிமேல் இதில் கூப்பிடுவான் என்றேன். பின்பக்கத்துப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் போனில் அந்த எண்ணை அழுத்தினேன். முப்பது வருடமாகத் திறக்காத இடம், துருப்பிடித்திருக்கும் என்று பயந்தேன்.

"அம்மா, நாந்தாம்மா. சாப்டியா?"

வந்தது அவன் குரலேதான். அந்த 'அம்மா'வுக்குப் பின்னால் அவன் விடும் சின்ன மூச்சும் கூடவே வந்தது. அம்மா சத்தம் போட்டு அழுதார். அன்று ராத்திரி அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார்.

ஒருநாளோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று மணிக்கே மனசு பரபரக்க ஆரம்பிக்கும். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை, தகரக் கூரை அறை, கூட ஒரு மோன் இனத்துப் பையன் என்று அவனுக்கு ஒரு வாழ்க்கையே கட்டிக் கொடுத்தேன். தம்பி என்ன ஆனானோ என்று நினைத்து நினைத்துச் சாக வேண்டிய நேரத்தில், தம்பியாகப் பேசிச் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் வாரத்திலிருந்து குரல் என்னைக் கேட்காமலே பேசத் தொடங்கியது. நான் நினைத்திராத இடத்தில் இருமியது. "உடம்புக்கு என்னப்பா?" என்று அம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பல்லு வலிம்மா, முன்பல்லு" என்று வந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்தபோது என் நாக்கு முன்பற்களைத் தடவிக்கொண்டிருந்தது.

அதே வாரம் மாடிப்படியில் நாலாம் மாடிப் பர்மிய அம்மாள் என்னை நிறுத்தினார். தாழ்ந்த குரலில், "தம்பி வந்துவிட்டாரா? வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். தினமும் பின்பக்கம் அவன் பேசுவது கேட்கிறதாம். போன் ஸ்பீக்கர் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "காலை மணி பத்துக்கும் கேட்டதே" என்றார். காலை பத்து மணிக்கு நான் கடைத்தெருவில் இருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து பின்பக்கத்துக் கதவைத் திறக்கும் முன் தட்டிவிட்டுத் திறந்தேன்.

போன வியாழக்கிழமை, மணி நாலாக ஐந்து நிமிடம் இருக்கும்போது என் போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, நாந்தாங்க்கா."

குரல் கரகரத்தது. சொற்களுக்கு நடுவில் காற்று போனது. யாரோ ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் பட்டது. சின்ன வயதில் அவனை நான் கூப்பிட்ட, வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பட்டப்பெயரைச் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

"எங்கடா இருந்தே? குரல் ஏன் இப்படி?"

"முன்பல்லு ரெண்டும் போச்சுக்கா. எப்படின்னு கேக்காதே. புடிச்சு அடைச்சு வச்சிருந்தாங்க, இப்ப வெளிய வந்துட்டேன். அம்மாகிட்ட குடுக்கா, மொதல்ல அம்மாகிட்ட குடு."

ஓடினேன். அம்மாவின் நல்ல காதில் போனை வைத்தேன். உள்ளே அவன் "அம்மா, அம்மா" என்று அழுவது எனக்கே கேட்டது. அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. போனைத் தன் கையாலேயே விலக்கினார்.

"யாருடி இவன்? நம்ம சின்னவன் மாதிரியே பேசிக் காட்டுறான். சாவுக் குரல்டி இது. வச்சிடச் சொல்லு. எம்புள்ள கூப்பிடுற நேரம்."

"அம்மா, இவன்தாம்மா..."

"எம்புள்ள குரல் எனக்குத் தெரியாதா? நேத்துக்கூட பேசுனானே. வையிடி!"

போனைக் காதுக்கு எடுத்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அழுகை நின்றிருந்தது.

"அக்கா, நேத்து அம்மாகிட்ட பேசுனது யாருக்கா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா தன் பட்டன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கலைந்த தலைமுடியைக் கையால் சரிசெய்துகொண்டிருந்தார். மணி நாலாக இரண்டு நிமிடம் இருந்தது.