வீராவின் படையலில் எதிரிக் கம்பெனி

போகிக்கு முதல் நாள் ஜெயா போன் செய்தாள்.

"நாளைக்கு மத்தியானம் அவருக்குப் பர்ச்சு வைக்கிறோம் அண்ணே. நீங்க கட்டாயம் வரணும்."

பர்ச்சு என்றால் மலாக்கா செட்டிகள் வீட்டுப் படையல். பொங்கலுக்கு முந்தின நாள், இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழை இலையில் பரிமாறி, விளக்கேற்றிக் கும்பிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் அல்லவா?

ஜெயாவின் கணவன் வீரா என் நண்பன். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். இது அவனுக்கு முதல் பர்ச்சு.

மலாக்காவில், காஜா பெராங்கில் இருக்கும் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது இலை தயாராக இருந்தது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, பொரித்த மீன், இறால் சம்பால், கத்தரிக்காய், சர்க்கரை போடாத கோப்பி. இலைக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில்... ஒரு வீடியோ கேம் மெஷின். கண்ட்ரோலரின் வயரை அழகாகச் சுற்றி, மேலே ஒரு முழம் மல்லிகையும் வைத்திருந்தாள்.

எவ்வளவு ஞாபகமாக வைத்திருக்கிறாள், பாருங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். வந்த அழுகை நின்றுவிட்டது.

அது என் கம்பெனி மெஷின்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். நானும் வீராவும் மலாயா சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். வேலைக்குப் போய், சொந்தச் சம்பளம் கைக்கு வந்த வயதில்தான் மலாக்காவுக்கு வீடியோ கேம் வந்தது. நான் புக்கிட் காதிலில் பள்ளி வாத்தியார். அவன் அரசாங்க கிளார்க். டை கட்டின இரண்டு ஆண்கள் சின்னப் பசங்களோடு வரிசையில் நின்று விளையாடினோம். வெட்கமா? அப்படி ஒன்று எங்களுக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு ஆளுக்கொரு மெஷின் வாங்கினோம். அவன் ஒரு கம்பெனி. நான் அதன் எதிரிக் கம்பெனி. பெயர்களைச் சொல்ல மாட்டேன் — சொன்னால் உங்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், மீதிப் பேர் வீராவோடு.

அன்று ஆரம்பித்த சண்டை. எந்தக் கம்பெனி பழையது, எது முதலில் செய்தது, எது யாரைப் பார்த்துக் காப்பியடித்தது... வீரா மலாக்கா செட்டி, தலைமுறை தலைமுறையாக அவன் வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழ் அவனுக்குத் தேவாரம் பாடுகிற அளவுக்குத்தான், அதுவும் அர்த்தம் தெரியாமல். எங்கள் சண்டை முழுக்க மலாயில்தான் நடந்தது. உங்களுக்காக அவன் பேச்சைத் தமிழில் தருகிறேன், எங்கள் ஊர் 'லா'வை மட்டும் அப்படியே விட்டு.

நடுவில் ஒருநாள் அவன் கம்பெனி மெஷின் செய்வதையே நிறுத்திவிட்டது. வேறொருவன் என்றால் கட்சி மாறியிருப்பான். வீராவுக்கோ பக்தி இரண்டு மடங்கானது. பழைய மெஷினைக் கண்ணாடி அலமாரியில் வைத்தான். வாரா வாரம் துடைத்தான். சரஸ்வதி பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டும் உண்டு. தோற்ற கட்சிக்காரனுக்குத்தான் கொடி மேல் பாசம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்துவிடுவான். என் கம்பெனி மெஷினில், முகத்தைச் சுளித்துக்கொண்டே விளையாடுவான். தோற்பான். தோற்றதும் கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

"இது கைக்கு அடங்க மாட்டேங்குது லா. எங்க கம்பெனியா இருந்தா நீ தொலைஞ்சே."

எத்தனையோ வருஷமாக இதே வசனம். கேட்டுக் கேட்டு எனக்கு அது ஜெயித்ததற்குப் போடும் மாலை மாதிரி ஆகிவிட்டது.

கடைசிக் காலத்தில்தான் விஷயம் தலைகீழானது. அவன் ஜெயிக்க ஆரம்பித்தான். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, வாரா வாரம். எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாற்றினேன். விரலுக்குத் தைலம் தேய்த்தேன். வீரா பாட்டுக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சரி, தாம்பாளத்துக்கு வருவோம்.

ஜெயா தெங்கேராவில் வளர்ந்த தமிழ்ப் பெண். பர்ச்சு வைக்கிற முறையெல்லாம் கல்யாணமாகி வந்த பிறகு கற்றுக்கொண்டது. இறால் எந்தப் பக்கம், மீன் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து வைத்தவள், மெஷினில் கோட்டை விட்டுவிட்டாளே? அவளுக்கு எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆனால் வீரா? போய்ச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறான். வந்து பார்த்தால் இலைக்குப் பக்கத்தில் எதிரிக் கம்பெனி. அவன் கோபம் எனக்குத் தெரியும். இறாலைத் தொடாமலே திரும்பிப் போய்விடுவான்.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால், இவ்வளவு ஆசையாகச் செய்தவள் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்திய பிறகு யாரும் உள்ளே போகக் கூடாது. அப்புறம் அடுத்த போகிதான்.

ஊதுவத்தி ஏற்றிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டு வெளியே போக ஆரம்பித்தார்கள். நான் ஜெயாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ஜெயா, தப்பா நினைக்காதம்மா. இந்த மெஷின்... இது அவன் கம்பெனி இல்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும் அண்ணே. இது உங்க கம்பெனி. அவரோடது அந்தா, அலமாரியில இருக்கு."

"அதைத்தானேம்மா வைக்கணும்?"

"அதை அவரு எங்க விளையாடினாரு? தொடச்சாரு, பொட்டு வச்சாரு, வர்றவங்க கிட்ட பெருமை பேசினாரு. அவ்வளவுதான். வேலை விட்டு வந்தா விளையாடுறது இதுலதான் லா."

நான் தாம்பாளத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

"உங்க கிட்ட தோத்துத் தோத்து வெறுத்துப் போயிட்டாரு. உங்க வீட்டுல இருக்கிற அதே மெஷினைத் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தாரு. 'ஒரு தடவை அந்த வாத்தியாரை ஜெயிச்சிட்டு வித்துடறேன்'னாரு. ஜெயிச்சாரு. விக்கல. அப்புறம் பார்த்தா சாயங்காலமானா இது முன்னாலதான் உக்காந்திருப்பாரு. நீங்க வர்ற மோட்டார் சத்தம் கேட்டா போதும், தூக்கிக்கிட்டு குசினிக்கு ஓடுவாரு. அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வைப்பாரு."

அரிசி டின்னுக்குப் பின்னால். நான் அந்தக் குசினியில் எத்தனை தடவை கோப்பி குடித்திருக்கிறேன் தெரியுமா?

"மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒண்ணுதான் அண்ணே. பர்ச்சுல அவங்க புகழ்ந்ததை வைக்கக் கூடாது. சாப்பிட்டதை வைக்கணும். இவரு கூட எல்லார் கிட்டயும் ஆட்டுக்கறி ஆட்டுக்கறின்னுதான் சொல்லுவாரு. தட்டுல போட்டா மீனைத்தான் முதல்ல எடுப்பாரு. இலையைப் பாருங்க, கறி இருக்கா?"

பார்த்தேன். இல்லை.

வாசகர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு கம்பெனிக்கு விசுவாசமாக இருக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். டூத் பேஸ்ட், மோட்டார் சைக்கிள், பால் டின், வீடியோ கேம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்சி வைத்திருக்கிறோம். அந்தக் கம்பெனிக்கு நம்மைத் தெரியுமா? காஜா பெராங்கில் ஒரு மனிதன் அதன் பழைய மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறான் என்று எங்கேயோ கோட் போட்டு உட்கார்ந்திருக்கிற முதலாளிக்கு யார் போய்ச் சொல்வார்கள்?

வீரா அலமாரியில் வைத்துத் துடைத்தது அவன் இருபத்தைந்து வயதை. அதற்கு அவன் துரோகம் செய்யவில்லை. விளையாடியது என்னோடு. அதற்கும் துரோகம் செய்யவில்லை. நான்தான் இத்தனை வருஷம் நாங்கள் கம்பெனிக்காகச் சண்டை போடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாத்தியார் புத்தி, வேறென்ன?

"கதவைச் சாத்தலாமா அண்ணே?" என்றாள் ஜெயா.

"கொஞ்சம் இரும்மா. இதோட இன்னொரு கண்ட்ரோலர் இருக்குமே?"

"இருக்கு. எதுக்கு?"

"ஒத்தையா உக்காந்து அவன் என்ன செய்வான்? தோக்குறதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

அவன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே அழுதாள். குசினிக்குப் போய், அரிசி டின் பக்கம் தேடி எடுத்து வந்து கொடுத்தாள். நான் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டாவது துவாரத்தில் அதைச் செருகினேன். இலைக்கு எதிர்ப்பக்கமாக, எனக்கென்று ஓர் இடம் பார்த்து வைத்தேன். ஜெயா கதவைச் சாத்தினாள்.

வெளியே எல்லோரோடும் உட்கார்ந்து கோப்பி குடித்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நேரம் கழித்துக் கதவைத் திறந்து, அவன் இலைச் சோற்றை எல்லோருக்கும் பங்கு வைத்தார்கள். எனக்கு மீன் கிடைத்தது. அவன் சொன்னது சரிதான், அதாவது சொல்லாதது. ஆட்டுக்கறியை விட அது நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலை பழக்க தோஷத்தில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன். தைலமெல்லாம் தேவையே இல்லை. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை... என்னைத் தோற்கடிக்கத்தான் ஆளில்லை.